‘நல்லாத்தானே பேசுறான்?’: ஆஸ்பெர்கர் பிள்ளையின் வீட்டுக்கு உதவப் போய் நாம் செய்யும் தவறுகள்

என் தம்பி மகனுக்கு, இலங்கை மலையகத்தில், ஹட்டனில் இருந்து பதுளை வரைக்கும் உள்ள ரயில் நிலையங்கள் அத்தனையும் மனப்பாடம். கொட்டகலை, தலவாக்கலை, வட்டகொடை என்று தொடங்கினால் பட்டிப்பொல, ஓஹிய எல்லாம் தாண்டி ஹாலிஎல வரும்வரை ஓயமாட்டான். நடுவில் யாராவது குறுக்கே பேசினால் திரும்பவும் ஹட்டனில் இருந்துதான். ஆனால் பக்கத்துக் காம்பரா (தேயிலைத் தோட்டத்து லயத்தில் வரிசையாக உள்ள அறை வீடு) மாமி “சாப்பிட்டியா?” என்று கேட்டால் பதில் வராது. முகத்தையும் பார்க்கமாட்டான். பேச்சு பிந்தவில்லை, புத்தியிலும் குறைவில்லை. ஆட்களோடு பழகுவதும், நினைத்த ஒழுங்கு மாறினால் தாங்கிக்கொள்வதும்தான் கஷ்டம். ஆட்டிசத்தோடு சேர்ந்த இந்த நிலைக்குத்தான் ஆஸ்பெர்கர் என்று பெயர் வைத்தார்கள்.

பேச்சே வராத பிள்ளை என்றால் லயமே இரக்கப்படும். இவனைப் பார்த்து, “நல்லாத்தானே பேசுறான், இவனுக்கு என்ன வருத்தம்?” என்று கேட்பார்கள். அடுத்த வாக்கியம் “ரெண்டு போட்டா சரியாயிடும்” என்பதுதான். உதவி என்றால் புத்திமதி என்று நினைப்பதே முதல் தவறு. அந்தத் தாய் ஏற்கெனவே மாமியார், மிட்வைஃப் மிஸ், கோயில் பூசாரி, கங்காணி என்று எல்லோரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டவள். புதிதாக ஒரு புத்திமதி அவளுக்குத் தேவையில்லை.

லயத்தில் இன்னொரு கஷ்டம் உண்டு. காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவே ஒரு சுவர்தான். பிள்ளை இரவில் கத்தினால் வரிசை முழுக்கக் கேட்கும், உடனே நாலு பேர் வாசலில் நிற்பார்கள். நல்ல மனதோடுதான் வருகிறார்கள், ஆனால் அதனாலேயே நிலைமை மோசமாகிறது. அடம் பிடிக்கிற பிள்ளை நாம் பார்க்கிறோமா என்று ஓரக்கண்ணால் பார்க்கும். கேட்டது கிடைத்தால் நிறுத்தும். இந்தப் பிள்ளை கத்துவது அப்படியல்ல. சத்தம், வெளிச்சம், கூட்டம், திடீர் மாற்றம் எல்லாம் சேர்ந்து தாங்கமுடியாமல் போகும்போது பிள்ளை உடைந்துபோகிறது. அந்த நேரத்தில் எதைக் கொடுத்தாலும் நிற்காது, அதட்டினால் கூடும். செய்யவேண்டியது ரேடியோவைக் குறைப்பது, மற்றப் பிள்ளைகளை அப்பால் கூட்டிப்போவது, பேசாமல் இருப்பது. ஆறும்வரை காத்திருக்க ஒரு ஆள் போதும். யாராவது போனைத் தூக்கி வீடியோ எடுத்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். அது பெரிய உதவி.

மாரியம்மன் திருவிழா வந்தால் இன்னொரு தவறு. தப்பு மேளச் சத்தம், ஸ்பீக்கர், பட்டாசு என்று எல்லாம் ஒன்றாக வரும். சிலர் “பழகினா சரியாயிடும்” என்று பிள்ளையை இழுத்துக்கொண்டு முன்னால் நிறுத்துவார்கள். சிலர் அந்த வீட்டைக் கூப்பிடவே மாட்டார்கள். இரண்டாவதுதான் கொடுமை என்பது என் எண்ணம், ஏனென்றால் அதோடு அந்தக் குடும்பமே ஊரில் இல்லாததுபோல ஆகிவிடும். தேர் எப்போது, பட்டாசு எத்தனை மணிக்கு என்று முதல்நாளே சொல்லிவிடலாம். கூட்டம் சேருமுன் காலையிலேயே கும்பிட்டுவிட்டுப் போகட்டும். சொன்ன நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள்.

மற்றவர்களைச் சொல்லிவிட்டு நான் தப்பிக்க முடியாது. நான் டீச்சர். பல வருடங்களுக்கு முன் ஒரு மாணவனிடம் “போர்டைப் பாரு” என்றேன். பாடம் முடியும்வரை பார்த்துக்கொண்டே இருந்தான், ஒரு எழுத்து எழுதவில்லை. திமிர் என்று நினைத்து வெளியே நிறுத்தினேன். நான் எழுதச் சொல்லவே இல்லை என்பது எனக்குப் புரிய வருடங்கள் எடுத்தது. இந்தப் பிள்ளைகள் சொல்லை அப்படியே எடுப்பார்கள். “இந்தா வந்துட்டேன்” என்று சொல்லிவிட்டு அரை மணித்தியாலம் கழித்து வந்தால் அது அவர்களுக்குப் பொய்.

காரணம் தேடுவதை விட்டுவிடலாம். நம் பக்கத்தில் அது கடைசியில் தாயின் தலையில்தான் விழும். “கைக்குழந்தையை விட்டுட்டு டுபாய் போனா, அதான் இப்படி” என்பார்கள். ஐம்பது, அறுபது வருடங்களுக்கு முன் மேல்நாட்டு வைத்தியர்களே தாயின் பாசக்குறைவுதான் காரணம் என்று சொன்னவர்கள்தான். அந்தக் கதை பொய் என்று எப்போதோ முடிந்துவிட்டது. இது பிறவியிலேயே மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு, இதில் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு. தடுப்பூசி போட்டதால் ஆட்டிசம் வந்தது என்ற கதையும் அப்படியே. அதைக் கிளப்பிய 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை, அதை வெளியிட்ட ‘லான்செட்’ மருத்துவ சஞ்சிகையே 2010இல் வாபஸ் வாங்கியது. மந்திரித்து நூல் கட்டுவதை நான் குறை சொல்லப் போவதில்லை, மனதுக்கு ஒரு ஆறுதல். அதற்காகக் கிளினிக் தவணையை விட்டால்தான் பிரச்சினை.

சரி, உண்மையில் அந்த வீட்டுக்கு என்ன வேண்டும்? கணக்குப் போட்டுப் பாருங்கள். பேராதனை சிறுவர் வைத்தியசாலைக்குப் போகவேண்டும் என்றால் விடியுமுன் பஸ் ஏறவேண்டும். அன்றைக்குப் பேர் (தோட்டத்து நாட்சம்பளம்) இல்லை, பஸ் காசு தனி. நெரிசலில் பிள்ளை என்ன செய்வானோ என்ற பயம் வேறு. அங்கே போனால் பேச்சு சிங்களத்தில் போகும். தாய் பாதி விளங்கி, மீதிக்குத் தலையாட்டிவிட்டு வருவாள். அரசாங்க வைத்தியசாலையில் வைத்தியம் இலவசம்தான், ஆனால் போய்வருவது இலவசமில்லை. இங்கேதான் ஊர் கை கொடுக்கவேண்டும். சிங்களம் தெரிந்த ஒருவர் கூடப் போகலாம். வீட்டில் பிள்ளை என்ன செய்கிறான் என்று நாலு வரி எழுதிக் கொடுத்துவிடலாம். மற்றப் பிள்ளைகளுக்கு அன்றைக்கு மாலை ரொட்டி சுட்டுக் கொடுக்கலாம். பக்கத்துக் காம்பரா மாமி இப்போது ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு மணித்தியாலம் அவனைப் பார்த்துக்கொள்கிறார். “சாப்பிட்டியா?” என்று கேட்பதை விட்டுவிட்டு, “நானுஓயாவுக்கு அடுத்தது என்னடா?” என்று கேட்கிறார். அதற்குப் பதில் வருகிறது. என் தம்பி மனைவி அந்த இரண்டு மணித்தியாலமும் தூங்குகிறாள்.

பெற்றோரைச் சேர்த்துக் கூட்டம் போடுகிறவர்களுக்கும் ஒன்று. புதன்கிழமை காலை பத்து மணிக்கு வைத்தால் கொழுந்து பறிக்கிறவள் எப்படி வருவாள்? ஞாயிறு அல்லது போயா (பௌர்ணமி விடுமுறை) நாளில் வையுங்கள், அப்பாமாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். ஏப்ரல் 2ஆம் திகதி ஆட்டிசம் தினம் என்று பிள்ளைகளை மேடையில் ஏற்றி, பை கொடுத்து, போட்டோ எடுத்து பேஸ்புக்கில் போடுவது எனக்கு அறவே பிடிக்காது. நாளைக்கு அந்தப் பிள்ளை வேலை தேடிப் போகும்போதும் அந்தப் படம் அங்கேதான் கிடக்கும்.

பெயரை வைத்துச் சண்டை போடுவதும் வேண்டாம். “என் பிள்ளைக்கு ஆட்டிசம் இல்லை, ஆஸ்பெர்கர்தான்” என்று ஒதுங்குகிற பெற்றோர் உண்டு. 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடும், 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலும் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டன. பழைய பெயர் வியன்னா வைத்தியர் ஹான்ஸ் ஆஸ்பெர்கருடையது. நாஜிக் காலத்தில் பிள்ளைகள் கொல்லப்பட்ட ஒரு நிலையத்துக்கு அவரும் பிள்ளைகளை அனுப்பினார் என்று ஆவணங்களை ஆராய்ந்தவர்கள் 2018இல் எழுதியதால், அந்தப் பெயரே வேண்டாம் என்பவர்களும் உண்டு. எந்தப் பெயர் வைத்தாலும் இரண்டு வீட்டுத் தாய்மாரும் நிற்பது ஒரே கிளினிக் வரிசையில்தான்.

பொம்பளைப் பிள்ளைகளை நாம் தவறவிடுகிறோம். யாரோடும் சேராமல் மூலையில் இருந்தால் “அடக்கமான பிள்ளை” என்று பாராட்டிவிட்டுப் போய்விடுவோம். இன்னொருத்தி அந்த வீட்டு அக்கா. தம்பியைப் பார்க்க ஆள் இல்லை என்று பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடத் தொடங்குவாள். அவளிடம் “நீ எப்படி இருக்கே?” என்று யாரும் கேட்பதில்லை.

அப்புறம், ஐந்தாம் வகுப்பு முடிந்து வேறு பள்ளிக்கூடம் போகும்போது கவனம் வேண்டும். புது டீச்சருக்கு ஒன்றும் சொல்லாமல் விட்டு, முதல் வாரத்திலேயே பிள்ளை அடி வாங்கி வருவதை நான் பார்த்திருக்கிறேன். டிசம்பர் லீவிலேயே ஒருநாள் பிள்ளையைக் கூட்டிப்போய் வகுப்பு எது, கக்கூஸ் எங்கே, மணி எப்படி அடிக்கும் என்று காட்டிவிடுங்கள். சாதாரண தரப் பரீட்சையில் விசேட தேவையுள்ளவர்கள் மேலதிக நேரம் கேட்டு விண்ணப்பிக்கலாம். அதற்கு வைத்தியரின் கடிதம் வேண்டும், அதிபரிடம் பத்தாம் வகுப்பிலேயே பேச்சை எடுத்துவிடுங்கள்.