முன் கண்ணாடியில் கோடு: உப்பா, கீறலா?

சாயங்காலம் ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது மேற்கு வெயில் நேர் எதிரே அடிக்கும். காலையில் ஏறும்போது பளிச்சென்று இருந்த கார் முன் கண்ணாடி, பால் பூசினாற்போல் வெளுத்துவிடும். கொண்டை ஊசி வளைவில் ஏறிவரும் பஸ் கிட்டே வந்த பிறகுதான் கண்ணுக்குப் படும். மறுநாளே பாலிஷ் போடக் கிளம்பிவிடாதீர்கள். போர் தண்ணீரில் கழுவும் வண்டி என்றால் அந்த வெளுப்பு பெரும்பாலும் உப்புதான்.

முதலில் எது என்று பிரித்துப் பாருங்கள். கண்ணாடியை வெளியே கழுவுங்கள், உள்பக்கமும் துடையுங்கள். வெயிலில் டாஷ்போர்டு பிளாஸ்டிக் விடும் ஆவி உள்ளே எண்ணெய்ப் படலமாகப் படிந்திருக்கும். அதை வெளிக்கறை என்று நினைத்து மணிக்கணக்கில் வெளியே தேய்ப்பவர்கள் உண்டு. இருட்டிய பிறகு டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து அடியுங்கள். துளி காய்ந்த அச்சு வட்ட வட்டமாகத் தெரிந்தால் உப்பு. வைப்பர் போகும் பாதையில் வில் மாதிரி வளைந்த கோடு என்றால் கீறல். கோட்டுக்குக் குறுக்கே விரல் நகத்தை இழுங்கள். வழுக்கிப் போனால் பாலிஷில் போகும். நகம் டக்கென்று மாட்டினால், அந்தக் கீறலை விட்டுவிடுங்கள். காரணம் பின்னால் வருகிறது.

உப்புக்கறைக்கு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு. வண்டி நிழலில், கண்ணாடி ஆறியிருக்க வேண்டும். துணியை நனைத்துக் கண்ணாடிமேல் ஒட்டினாற்போல் விரித்து ஐந்து நிமிடம் விடுங்கள், காய விடாதீர்கள். பிறகு தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசுங்கள். இரண்டு மூன்று தடவையில் போய்விடும். பெயின்ட்டில் வழிந்தால் உடனே கழுவுங்கள். பாத்ரூம் ஆசிட் வேண்டவே வேண்டாம்: உப்பு போகும், கூடவே வைப்பர் கையும் பெயின்ட்டும் போகும். வினிகருக்கு மசியாத பழைய கறைக்கு, கண்ணாடி பாலிஷ் போடும் சீரியம் ஆக்சைடு பவுடரைத் தண்ணீரில் குழைத்து, ஃபெல்ட் என்கிற கம்பளித் துணித் துண்டால் கையாலேயே தேய்த்துப் பாருங்கள்.

நகம் மாட்டாத கீறலுக்கும் அதே சீரியம் ஆக்சைடுதான், ஆனால் டிரில் வேண்டும். டூத்பேஸ்ட் கண்ணாடிக் கீறலை எடுக்காது, வீண் வேலை. வேகம் கூட்டிக் குறைக்கிற டிரில், மூன்று அங்குல ஃபெல்ட் பேட், ஸ்பிரே பாட்டில், மாஸ்கிங் டேப், மார்க்கர் பேனா எடுத்துக்கொள்ளுங்கள். கீறல் இருக்கும் இடத்தை உள்பக்கமாக மார்க்கரால் வட்டமிடுங்கள், இல்லாவிட்டால் பேஸ்ட் பூசியதும் இடம் தெரியாது. பானெட்டையும் ரப்பர் ஓரங்களையும் பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடுங்கள். இடுக்கில் காய்ந்த பவுடரைச் சுரண்டி எடுப்பது பெரிய தொல்லை. 50 கிராம் பவுடருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு, தோசை மாவைவிடச் சற்றுக் கெட்டியாகக் கரையுங்கள். பவுடரைக் கொட்டும்போது முகமூடி போட்டுக்கொள்ளுங்கள்.

டிரில் நிமிடத்துக்கு ஆயிரம், ஆயிரத்து இருநூறு சுற்றுக்கு மேல் போக வேண்டாம். பேடைத் தட்டையாக வைத்து, லேசாக அழுத்தி, நகர்த்திக்கொண்டே இருங்கள். அரை நிமிடத்துக்கு ஒரு தடவை புறங்கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, சுட்டால் நிறுத்துங்கள். ஒரே இடத்தில் நின்று சூடேறினால் கண்ணாடி விரிசல் விடும். சுட்ட கண்ணாடிமேல் குளிர்ந்த தண்ணீர் அடித்தாலும் அதே கதைதான். பேஸ்ட் காய்வதற்குள் ஸ்பிரே செய்து ஈரமாகவே வைத்திருங்கள். கோட்டின்மேல் மட்டும் தேய்க்காமல், சுற்றிலும் ஒரு கை அகலம் பரவலாகத் தேயுங்கள்.

ஆழமான கீறலை ஏன் விடச் சொன்னோம் என்றால், அதை எடுக்கச் சுற்றியுள்ள கண்ணாடியையும் அதே ஆழத்துக்குக் குறைக்க வேண்டும். அங்கே ஒரு பள்ளம் விழும், அது லென்ஸ் மாதிரி வேலை செய்யும். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, எதிரே உள்ள கரண்ட் கம்பத்தைப் பார்த்தபடி தலையை இடம் வலம் அசையுங்கள். கம்பம் நெளிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். டிரைவர் கண்ணுக்கு நேரே இந்த வேலை செய்யாமலிருப்பதே மேல். நெளிகிற கம்பத்தைவிட மெல்லிய கோடு நல்லது.

கீறல் எங்கிருந்து வருகிறது? சேலம் செட்டிச்சாவடிப் பக்கம் வெள்ளைக்கல் தூசியைக் குறை சொல்வார்கள். அந்த வெள்ளைக்கல், அதாவது மேக்னசைட், கண்ணாடியைவிட மென்மையான கல், அது தனியாகக் கீறாது. கீறுவது அதனோடு கலந்து வரும் கருங்கல் பொடியும் எம்-சாண்டும்; அவற்றிலுள்ள குவார்ட்ஸ் கண்ணாடியைவிடக் கடினம். டிப்பர் லாரிக்குப் பின்னால் போய்விட்டு, காய்ந்த கண்ணாடியில் வைப்பரைப் போட்டால் அந்த மணலே உளியாகிவிடும். எப்போதும் முதலில் தண்ணீர், பிறகு வைப்பர். சித்திரை வெயிலில் நிற்கிற வண்டியின் பிளேடு ரப்பர் சீக்கிரம் விறைத்துப்போகும். வருடத்துக்கு ஒரு முறையாவது மாற்றுங்கள். ரப்பர் கிழிந்து இரும்பு தொட்டால் ஒரே மழையில் கண்ணாடி போச்சு. வாஷர் டேங்கில் போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஆர்.ஓ. தண்ணீரோ, வீட்டு ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரோ போதும்.

கல் தெறித்த புள்ளி வேறு வழக்கு. தெறித்ததும் மேலே செல்லோடேப் ஒட்டுங்கள். உள்ளே தண்ணீரும் அழுக்கும் போனால், புள்ளியை அடைக்க ஏற்றும் ரெசின் பசை சரியாகப் பிடிக்காது. ஒரு ரூபாய்க் காசுக்குள் அடங்கி, ஓரத்திலிருந்து தள்ளி இருந்தால் ரெசின் ஏற்றி யுவி விளக்கில் உறைய வைப்பார்கள். லேசான தழும்பு மிஞ்சும், விரிசல் ஓடாது. அதுவரை சூடான கண்ணாடிமேல் ஏசியை முழுவேகத்தில் திருப்பாதீர்கள்.

விரிசல் ஓரத்தைத் தொட்டுவிட்டாலோ, டிரைவர் பார்வைக்குக் குறுக்கே வந்துவிட்டாலோ மாற்றத்தான் வேண்டும். புதுக் கண்ணாடியின் மூலையில் ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 2553 என்ற எண்ணும் இருக்கிறதா பாருங்கள். யூரித்தேன் பசை எத்தனை மணி நேரத்தில் பிடிக்கும் என்று கேட்டு, அதுவரை வண்டியை எடுக்காதீர்கள். இரண்டு நாளைக்கு வாட்டர் சர்வீஸ் வேண்டாம். கதவை அடித்துச் சாத்தினால் காற்றழுத்தம் பசையைத் தள்ளும். ஒரு ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். கண்ணாடிக்குப் பின்னால் கேமரா உள்ள வண்டி என்றால் அதை மறுபடி அளவு சரிபார்க்கச் சொல்லுங்கள். முழு இன்சூரன்ஸில் கண்ணாடிக்குத் தேய்மானம் பிடிக்க மாட்டார்கள். ஆனால் க்ளெய்ம் போட்டால், க்ளெய்ம் போடாதவர்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ க்ளெய்ம் போனஸ் போகும். சின்ன வண்டிக்கு இரண்டையும் கணக்குப் போட்டுப் பார்த்தால், சில நேரம் கைக்காசு கொடுப்பதே லாபம்.