பாரிஸ், சௌகார்பேட்டை ஒரு நாள்ல சுத்திப் பாக்கப் போறவங்க பண்ற தப்புங்க

சென்னைக்கு வர்ற சொந்தக்காரங்க, வெளியூர் ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் பீச், மகாபலிபுரம், தி.நகர் எல்லாம் முடிச்சுட்டு ஊருக்குக் கிளம்புறதுக்கு முந்தின நாள் கேப்பாங்க, "பாரிஸ் பக்கம் ஒரு ரவுண்டு போயிட்டு வந்துரலாமா, ரெண்டு மணி நேரம் போதுமில்ல?"ன்னு. பாரிஸ்ங்கறது ஹைகோர்ட்டுக்கு எதிர்ல இருக்கற பாரிஸ் கார்னரும் அத சுத்தின பழைய மார்க்கெட் தெருக்களும், சௌகார்பேட்டை அத ஒட்டினது. நான் அங்க தம்பு செட்டி தெருவுல ஒரு கம்பெனில ஆறு வருஷம் கணக்கு எழுதுற வேலை பாத்தேன். காலைல ஷட்டர் தூக்குற சத்தத்துல இருந்து ராத்திரி அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடைல தட்டு கழுவுற வரைக்கும் அந்த ஏரியாவ பாத்தவன்ங்கறதால சொல்றேன், அங்க போயிட்டு "ஒரே கூட்டம், ஒன்னுமே பாக்கல"ன்னு நொந்து போயி வர்றவங்க பெரும்பாலும் நேரம் தெரியாம போனவங்கதான். அது வேலை நடக்குற மார்க்கெட்டுங்க. எந்தத் தெரு எப்ப முழிக்கும், எந்தக் கோயில் எப்ப சாத்துவாங்க, எந்த சாப்பாடு எப்ப கிடைக்கும்னு அதுக்கு ஒரு கணக்கு இருக்கு, அந்தக் கணக்குக்கு நாம போனா இடம் நம்மள நல்லா வெச்சுக்கும்.

முதல் தப்பு ஞாயித்துக்கிழமை போறது. லீவு நாள்னா அன்னிக்குத்தான எல்லாருக்கும் தோணும். எங்க சித்தி குடும்பம் தஞ்சாவூர்ல இருந்து வந்தப்ப அப்படித்தான் ஆச்சு, சித்தப்பாவுக்கு திங்கக்கிழமை ஆபீஸ், அதனால ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போனேன், கோடவுன் தெரு முழுக்க ஷட்டர் இறங்கிக் கிடக்கு, சித்தி மக கல்யாணப் பத்திரிகை மாடல் பாக்கணும்னு அவ்ளோ ஆசையா வந்தா, ஆண்டர்சன் தெருவுல ஒரு நாய் படுத்திருக்கு, ஒரு டீக்கடை திறந்திருக்கு, அவ்ளோதான். அவ முகம் சுண்டிப் போனத என்னால இன்னும் மறக்க முடியல. அங்க பெரும்பாலும் ஹோல்சேல் கடைங்க, ஞாயித்துக்கிழமை லீவு. பிளாட்பாரத்துல துணி, செருப்பு விக்கறவங்க கடை போட்டிருப்பாங்க, அது வேற. கடைங்களப் பாக்கணும்னா வேலை நாள்ல ஒரு நாள் ஒதுக்கித்தான் போகணும். ஆனா ஒன்னு, பழைய கட்டடங்களையும் தெருக்களையும் மட்டும் நிதானமா பாக்கணும், போட்டோ எடுக்கணும்னா ஞாயித்துக்கிழமை காலை அருமையான நேரம், வண்டி குறைவு, கட்டடத்தோட மேல் மாடிய நின்னு நிமிர்ந்து பாக்கலாம், யாரும் இடிக்க மாட்டாங்க.

வெள்ளிக்கிழமைல வேற சிக்கல். பக்கத்துல செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள்ள இருக்கற மியூசியத்துக்கு அன்னிக்குத்தான் வார விடுமுறை. ராபர்ட் கிளைவ் எழுதின கடிதம், 1947 ஆகஸ்ட் 15 அன்னிக்கு அந்தக் கோட்டைல ஏத்தின தேசியக்கொடி எல்லாம் அங்க இருக்கு, அதுக்காகவே வர்றவங்க இருக்காங்க, கேட்டு வரைக்கும் வந்து திரும்பிப் போறதையும் பாத்திருக்கேன். அதே வெள்ளிக்கிழமை காளிகாம்பாள் கோயில்ல கூட்டம் ஜாஸ்தி. கோட்டைக்குள்ள சட்டமன்றமும் தலைமைச் செயலகமும் இருக்கறதால வாசல்ல செக்கிங் உண்டு, ஆதார் மாதிரி ஏதாவது ஒரு ஐடி கைல இருக்கணும், சட்டமன்றம் நடக்குற நாள்ல கெடுபிடி இன்னும் ஜாஸ்தியா இருக்கும்.

அடுத்து நேரம். பத்து மணிக்கு சாவகாசமா கிளம்பி பதினொன்றரைக்கு வந்து இறங்குவாங்க, இது ரொம்பப் பேர் பண்றது. அந்த நேரத்துல லோடு வண்டி எல்லாம் உள்ள வந்திருக்கும், வெயில் உச்சிக்கு வந்திருக்கும், பன்னெண்டு மணிக்கெல்லாம் கோயில் நடை சாத்திடுவாங்க, திரும்ப சாயங்காலம்தான். காலைல ஏழு மணிக்கு வாங்களேன். பத்ரியன் தெருவுல பூ விக்கறவங்க முழம் போட்டுட்டு இருப்பாங்க, மல்லிப்பூ வாசனையும் ஈரச் சாக்கு வாசனையும் சேந்து வரும். மொத்தப் பூ வியாபாரம், கொத்தவால் சாவடி காய்கறி எல்லாம் 1996ல கோயம்பேட்டுக்குப் போயிடுச்சு, ஆனாலும் அந்த இடத்துக்கு இன்னும் பூக்கடைனுதான் பேரு, பூவும் இன்னும் இருக்கு. அப்படியே பக்கத்துல சென்னகேசவப் பெருமாள், சென்ன மல்லீஸ்வரர் ரெண்டு கோயிலும் ஒட்டினாப்ல இருக்கும், பட்டணம் கோயில்னு சொல்லுவாங்க. அங்க இருந்து ராசப்ப செட்டி தெரு கந்தகோட்டம் நடந்துடலாம், வள்ளலார் சின்ன வயசுல வந்து உருகிப் பாடின முருகன் அது. ஒம்பதரைக்குள்ள இதெல்லாம் முடிச்சுட்டு டிஃபன் சாப்ட்டா, பத்து பத்தரைக்கு கடைங்க ஒவ்வொன்னா திறக்கும், சௌகார்பேட்டை பக்கம் இன்னும் கொஞ்சம் லேட்டு.

கடை திறந்த உடனே போறவங்களுக்கு ஒன்னு சொல்லணும். முதல் ஆளா உள்ள போயி, எல்லாத்தையும் எறக்கச் சொல்லி, பாதி விலைக்குக் கேட்டு, ஒன்னும் வாங்காம வெளிய வராதீங்க. இன்னும் போணியே ஆகியிருக்காது அவங்களுக்கு. சும்மா பாக்கத்தான் வந்தோம்னா முன்னாடியே சொல்லிடுங்க, இல்ல ஒரு மணி நேரம் கழிச்சுப் போங்க, நல்லாவே பேசுவாங்க. இதுல இன்னொரு தப்பும் சேந்து நடக்கும், பாரிஸ்ல எல்லாம் சீப்புன்னு நெனச்சுக்கிட்டு ஒரு சுடிதார், ஒரு டஜன்ல ரெண்டு வளையல்னு கேட்டா "எத்தன பீஸ் வேணும்?"னு கேப்பாங்க, "ரீட்டெயில் இல்லைங்க"ன்னு சொல்லிடுவாங்க, நம்மாளு கோச்சுக்குவாரு. அவங்க டஜன் கணக்குல, பண்டல் கணக்குல விக்கறவங்க, ஊர் ஊரா கடைக்கு சரக்கு அனுப்பறவங்க. ஒரு தெருவுக்கு ஒரு சரக்குன்னு வெச்சுக்கோங்க, கோடவுன் தெருன்னா துணி, ஆண்டர்சன் தெருன்னா பேப்பர், கல்யாணப் பத்திரிகை, தேவராஜ முதலி தெருன்னா வளையல், கண்ணாடி, ராசப்ப செட்டி தெருன்னா நாட்டு மருந்து. என்ன வேணும்னு ரெண்டு சாமான் முடிவு பண்ணிட்டு அந்தத் தெருவுக்கு மட்டும் போனாலே அரை நாள் ஓடிடும். பத்து தெருவையும் ஒரே நாள்ல பாக்கணும்னு லிஸ்ட் போட்டா கடைசில ஒரு தெருவும் மனசுல நிக்காது.

கார் எடுத்துட்டு வராதீங்க, தயவுசெஞ்சு. நிறுத்த இடம் தேடியே ஒரு மணி நேரம் போயிடும், மேப்புல ஐந்நூறு மீட்டர்னு காட்டுறது கார்ல அரை மணி நேரம். மெட்ரோல ஹைகோர்ட் ஸ்டேஷன்லயோ மண்ணடிலயோ இறங்குங்க, லோக்கல் ட்ரெயின்னா பீச் ஸ்டேஷன் இல்லன்னா கோட்டை ஸ்டேஷன். அப்புறம் நடைதான். நடக்கும்போது போன் பாத்துக்கிட்டே நடுத்தெருவுல நின்னுடாதீங்க, இத நான் ரொம்ப அழுத்தமா சொல்றேன். கோடவுன் தெருவுல ஒரு பெரியவர பாத்திருக்கேன், தலைல துணி பண்டல், ஆள் உசரத்துல பாதி இருக்கும், கழுத்து நரம்பு புடைச்சு நிக்கும், அவரால தலையத் திருப்ப முடியாது, கண்ண மட்டும் ஓட்டி வழி பாத்துக்கிட்டு "ஓரம்… ஓரம்… ஓரம்"னு ஒரே தாளத்துல சொல்லிட்டே வருவாரு. நாம செல்ஃபிக்கு நின்னா அவர் நின்னாகணும், அந்த பாரத்தோட நின்னுட்டு மறுபடி முதல் அடி எடுத்து வைக்கறது எவ்ளோ கஷ்டம்னு அவர் முகத்துலயே தெரியும். சரக்கு ஏத்துற மூணு சக்கர மீன்பாடி வண்டியும் அப்படித்தான், பிரேக்க நம்பி குறுக்க போகக்கூடாது. அந்தச் சத்தம் காதுல விழுந்தா ஓரமா ஒதுங்கிடுங்க.

எனக்கு மனசு வலிக்கற தப்பு ஒன்னு இருக்கு. "அங்க பாக்க என்ன இருக்கு, வெறும் கடைதானே"ன்னு நெனச்சு ஷாப்பிங் பையோட திரும்பிப் போறது. இந்த ஊரு எப்படி உருவாச்சுங்கறதே அந்தத் தெருவுல கிடக்குங்க. பாரிஸ் கார்னர்ல டேர் ஹவுஸ் கட்டடத்துகிட்ட ஒரு பழைய எல்லைக்கல் இருக்கு, 1773ல நட்டது, ஆறு கல்லு நட்டாங்க, இப்ப மிச்சம் இருக்கறது அது ஒன்னுதான். எதுக்கு நட்டாங்கன்னா, 1746ல பிரெஞ்சுக்காரங்க கோட்டையப் பிடிச்சுட்டாங்க, திரும்பக் கைக்கு வந்தப்புறம் இங்கிலீஷ்காரங்க கோட்டை பக்கத்துல இருந்த பழைய பட்டணத்த இடிச்சுட்டு, இந்தக் கல்லுக்கு அந்தப் பக்கம் யாரும் வீடு கட்டக்கூடாதுன்னு வெச்சாங்க, எதிரி ஒளிஞ்சு வர இடம் இருக்கக்கூடாது, பீரங்கி சுட வெட்டவெளி வேணும்னு. இன்னிக்கு ஹைகோர்ட் இருக்கறது அந்த இடிச்ச இடத்துலதான், காலைல பாத்த பட்டணம் கோயிலும் முதல்ல அங்கதான் இருந்துச்சு. வீடு போன ஜனங்க முத்தியால்பேட்டை, பெத்தநாயக்கன்பேட்டை பக்கம் நகர்ந்தாங்க, அதுதான் பின்னாடி ஐந்தாம் ஜார்ஜ் பேர்ல ஜார்ஜ் டவுன் ஆச்சு. நீங்க வளையல் வாங்கற தெரு அப்படி வந்த தெரு.

ஹைகோர்ட் மதில்ல எம்டன் கல்வெட்டு இருக்கு, 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மன் கப்பல் குண்டு போட்டதுக்கு அடையாளம், யாராவது பலமான ஆளா இருந்தா "சரியான எம்டன்"னு நம்ம வீட்டுல சொல்றமே, அந்த எம்டன். ஹைகோர்ட் வளாகத்துல பழைய கலங்கரை விளக்கம் ஒரு பெரிய தூண் மாதிரி நிக்கும், 1844ல இருந்து ஐம்பது வருஷம் அதுதான் கப்பலுக்கு வெளிச்சம் காட்டினது, உள்ள போறதுக்கு கோர்ட் பாதுகாப்பு கெடுபிடி உண்டு, அதனால அத நம்பி பிளான் போடாதீங்க. அர்மீனியன் தெரு சர்ச்சுக்கு மட்டும் கட்டாயம் போங்க, மதியத்துக்கு மேல மூடிடுவாங்க, அதனால காலைலயே. 1772ல கட்டினது. வெளிய ஆட்டோ ஹாரன் காத கிழிக்கும், மரக்கதவ தாண்டி உள்ள கால் வெச்சா சத்தம் அடங்கிடும், சம்பங்கி மரத்து நிழல், தரை முழுக்க கல்லறைக் கற்கள், அதுல புரியாத எழுத்து. உலகத்துலயே முதல் அர்மீனிய மொழிப் பத்திரிகை 1794ல இந்த மெட்ராஸ்லதான் அச்சாச்சு, அத நடத்தின பாதிரியாரும் இந்த ஊர்லதான் கண்ண மூடினாரு. நான் மதிய சாப்பாட்டுக்கு முன்னாடி பத்து நிமிஷம் அங்க போயி உக்காந்துட்டு வருவேன், ஆறு வருஷமும் எனக்கு அது பெரிய ஆறுதலா இருந்துச்சு. காளிகாம்பாள் கோயில் அடுத்த தெருதான், 1677ல சத்ரபதி சிவாஜி வந்து கும்பிட்டுட்டுப் போனதா கோயில்ல எழுதியே வெச்சிருப்பாங்க, பாரதியாரும் சுதேசமித்திரன் பத்திரிகைல வேலை பாத்த காலத்துல வந்த கோயில்.

வயசானவங்க, கொழந்தைங்கள கூட்டிட்டு வந்தா பாத்ரூம் விஷயத்த முன்னாடியே யோசிங்க, தெருவுல தேடினா கிடைக்காது, மெட்ரோ ஸ்டேஷன்ல உண்டு, அதனால ஸ்டேஷன விட்டு ரொம்ப தூரம் போகாம வட்டம் போடுங்க. தண்ணி பாட்டில், மூடின செருப்பு. தீபாவளிக்கு முந்தின ரெண்டு வாரம் சுத்திப் பாக்கறதுக்குன்னு வரவே வேண்டாம். புரட்டாசில திருப்பதி பெருமாளுக்குக் குடை கொண்டு போற ஊர்வலம் சென்னகேசவப் பெருமாள் கோயில்ல கிளம்பி யானைக்கவுனி தாண்டுற அன்னிக்கு தெருவே நகராது, குடையப் பாக்கணும்னே வந்தா பாக்கியம், தெரியாம வந்து மாட்டினா பாவம். ஐப்பசி மழைல தண்ணி நிக்கும், குழி எது ரோடு எதுன்னு தெரியாது.

கடைசியா சாப்பாடு, இங்கயும் நேரம்தான். மதியம் ஒரு மணிக்கு வந்து அத்தோ எங்கன்னு தேடுவாங்க. அது சாயங்காலக் கடைங்க. பர்மால 1962ல ராணுவ ஆட்சி வந்து, கடை கண்ணியெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கிட்டப்புறம், கைல ஒன்னுமில்லாம கப்பல்ல வந்து இறங்கின தமிழ்க் குடும்பங்க கொண்டு வந்த சாப்பாடு அது, பர்மா பஜாரும் அவங்களுக்காக வந்ததுதான். பீச் ஸ்டேஷன் எதிர்ல உள்பக்கம் செகண்ட் லைன் பீச் ரோட்டுல அஞ்சு மணிக்கு மேல தள்ளுவண்டி வரிசையா வந்துடும். ஆரஞ்சு கலர் நூடுல்ஸ ஒரு கை அள்ளி கிண்ணத்துல போடுவாரு, நறுக்கின முட்டைக்கோஸ், வெங்காயம், பொரிச்ச பூண்டு, ஒரு கரண்டி புளித்தண்ணி, மிளகாத்தூள், எலுமிச்சை, மேல பேஜோங்கற மொறுமொறு பொரிச்ச தட்டைய நொறுக்கிப் போட்டு விரலாலயே பிசைஞ்சு தருவாரு, கூட வாழைத்தண்டு சூப்பு. அவிச்ச முட்டைய கீறி உள்ள வதக்கின வெங்காயமும் புளித்தண்ணியும் வெச்சுக் கொடுக்கறத ஒரே வாயில போட்டுக்கணும், கடிச்சா சட்டைல வழியும். மிளகா கம்மியா வேணும்னா பிசையறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க.

இன்னொரு பக்கம் சௌகார்பேட்டை மின்ட் தெரு, அங்க சூடா ஜிலேபி, பாதாம் பால், ரொட்டிக்குப் பதிலா ரெண்டு முறுக்கு நடுவுல தக்காளி, வெள்ளரி, சட்னி வெச்சுத் தர்ற முறுக்கு சாண்ட்விச். அத்தோவும் மின்ட் தெருவும் ஒரே சாயங்காலத்துல வேண்டாம், நடுவுல நடக்கற தூரமும் கூட்டமும் ஆள சாச்சுடும், வயிறும் தாங்காது. அத்தோன்னா பீச் ஸ்டேஷன்ல ஏறிடலாம், மின்ட் தெருன்னா என்.எஸ்.சி. போஸ் ரோடு வழியா நேரா நடந்து ஹைகோர்ட் மெட்ரோ. எட்டு மணிக்கு மேல ஷட்டர் இறங்க ஆரம்பிச்சுடும், கைல பை இருந்தா அதுக்கு முன்னாடியே கிளம்பிடுங்க.