இலையுதிர் காலத்தில் பூண்டு நடுவது எப்படி?

வசந்தத்தில் நட்டாலும் பூண்டு முளைக்கும். ஆனால் குமிழ் பெரும்பாலும் சிறுத்துப்போகும். மண்ணுக்குள் இருக்கும் பல், சில வாரங்களாவது 10 டிகிரி செல்சியசுக்குக் கீழான குளிரில் கிடந்தால்தான் பின்னால் குமிழ் பல் பல்லாகப் பிரியும். குளிர் போதாவிட்டால் ஒற்றைப் பூண்டாகவே நின்றுவிடலாம். அதனால்தான் இலையுதிர் கால நடவு. மண் உறைவதற்கு 4 முதல் 6 வாரங்களுக்கு முன்பு நட்டால் வேர் பிடிக்க நேரம் கிடைக்கும்.

முதலில் இடம். நல்ல வெயில் படவேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. களிமண்ணாக இருந்தால் மேட்டுப்பாத்தி போட்டுவிடுங்கள். ஈரம் நின்றால் பல் அழுகிவிடும். மண்ணை நன்றாகக் கொத்தி, மட்கிய உரம் கலந்தால் போதும்.

அடுத்து விதைப் பூண்டு. இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்: பெரிய பல்லுக்குத்தான் பெரிய குமிழ். சின்னப் பற்களைச் சமையலுக்கு ஒதுக்குங்கள். சமையலுக்கு விற்கும் பூண்டு முளைக்காமலிருக்க மருந்திட்டதாக இருக்கலாம் என்பதால், விதைக்கென்றே விற்பதை வாங்குவது நல்லது. நடும் நாளில்தான் பற்களைப் பிரிக்கவேண்டும். தோலை உரிக்காதீர்கள்.

இப்போது ஒரு பல்லைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு முனை கூராக இருக்கும். மறுமுனை தட்டையாக, கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும். வேர் விடுவது அங்கேதான். தட்டைப் பக்கம் கீழே, கூர்முனை மேலே இருக்கும்படி 5 செ.மீ. ஆழத்தில் வையுங்கள். தலைகீழாக வைத்தால் முளை வளைந்து மேலே வரவேண்டியிருக்கும், குமிழும் கோணலாகும். பல்லுக்குப் பல் 15 செ.மீ., வரிசைக்கு வரிசை 30 செ.மீ. இடைவெளி விடுங்கள். மண்ணை மூடி ஒருமுறை நீர் விடுங்கள்.

அப்புறம் 10 செ.மீ. கனத்துக்கு வைக்கோல் மூடாக்கு. மண் உறைந்து இளகும்போது பற்கள் மேலே தள்ளப்படாமல் இது காக்கும். குளிருக்கு முன்பே பச்சை முளை எட்டிப்பார்த்தால் பயப்பட வேண்டாம், செடி தாங்கும்.

வசந்தத்தில் களை எடுப்பதுதான் முக்கிய வேலை. பூண்டின் ஒல்லியான இலைகள் களையை நிழலால் அடக்காது. கெட்டித்தண்டு ரகமாக இருந்தால் நடுவில் ஒரு பூந்தண்டு சுருண்டு வரும். அதை வெட்டிவிட்டால் சத்து குமிழுக்குப் போகும். வெட்டியதை வதக்கிச் சாப்பிடலாம், அருமையாக இருக்கும்.

அடி இலைகளில் மூன்றில் ஒரு பங்கு பழுக்கத் தொடங்கியதும் நீர் விடுவதை நிறுத்துங்கள். பாதி இலைகள் பழுத்ததும் தோட்டத்துக்கான முள்கரண்டியால் மண்ணை நெகிழ்த்தி எடுங்கள். தண்டைப் பிடித்து இழுத்தால் அறுந்துவிடும். கழுவாமல், நிழலில் காற்றோட்டமாக 3, 4 வாரம் தொங்கவிடுங்கள். கழுத்துப் பகுதி இறுகக் காய்ந்த பிறகு தண்டை நறுக்கலாம்.