டர்பனில் ஃபோனை வைத்துப் பாட்டு வீடியோ எடுப்பது எப்படி

பாட்டு ரெடி, பாட ஆள் ரெடி, ஃபோனும் கையில் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை போய் எடுத்துவிடலாம் என்று கிளம்பினால் திங்கட்கிழமை சண்டையில்தான் முடியும். தென்னாப்பிரிக்காவில், எங்கள் டர்பன் ஊரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் என் மாமா மகன் பாடிய முருகன் பாட்டுக்கு நாங்கள் அப்படித்தான் கிளம்பினோம். அவன் மனதில் கடற்கரை, மெட்டுப் போட்ட அண்ணன் மனதில் கோயில், என் மனதில் மழையில் நனைந்த பஸ் ஸ்டாப். மூன்றையும் எடுத்தோம். ஒன்றோடொன்று ஒட்டவே இல்லை.

அதனால் கேமராவைத் தொடுவதற்கு முன் காகிதத்தை எடுங்கள். ஷாட் ஷாட்டாகக் கட்டம் போட்டு வரைவதைக் கொரியாவில் 'கோன்டி' என்பார்கள். 'பாரசைட்' படம் எடுத்த போங் ஜூன்-ஹோ தன் படங்களுக்குத் தானே வரைகிறவர். நமக்குக் குச்சி மனிதன் போதும். பாட்டை ஓடவிட்டு, பல்லவி எத்தனை நொடி, இடையிசை எத்தனை நொடி, சரணம் எங்கே தொடங்குகிறது என்று குறித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் போடுங்கள். சண்டையெல்லாம் அந்தக் காகிதத்தின் மேலேயே நடக்கட்டும், ரப்பர் வைத்து அழித்துக்கொள்ளலாம்.

ஃபோனில் எடுத்தால் எடுபடுமா? கொரிய இயக்குநர் பார்க் சான்-வூக் தன் தம்பியோடு சேர்ந்து ஐஃபோன் 4-இல் எடுத்த 33 நிமிடப் படம், 2011 பெர்லின் விழாவில் குறும்படத்துக்கான தங்கக் கரடியை வாங்கியது. (அதற்குச் செலவு 15 கோடி வொன். இதை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள்.)

இங்கே கரண்ட் 50 ஹெர்ட்ஸ். ஆகவே நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் திறந்திருக்கும் நேரம் நொடியில் 50-இல் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் டியூப்லைட் அடியில் முகத்தின் மேல் கோடு ஓடும். லோட் ஷெடிங் (முறை வைத்துக் கரண்டை நிறுத்துவது) காலத்தில் வாங்கிய ரீசார்ஜ் விளக்கு வீட்டில் சும்மா கிடக்குமே, அதையும் தூக்கி வாருங்கள், ஆனால் முதல் நாளே கோடு ஓடுகிறதா என்று ஃபோனில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

இனி நாங்கள் வாங்கிக்கட்டிக்கொண்ட இடம். ஸ்லோ மோஷனில் பாட வைக்க ஆசைப்பட்டு 50 ஃபிரேமில் எடுத்தோம், பாட்டை மட்டும் வழக்கமான வேகத்திலேயே ஓடவிட்டோம். வீட்டில் போட்டுப் பார்த்தால் மாமா மகன் வாயில் அல்வாவை வைத்துக்கொண்டு பாடுவதுபோல் இருந்தது. சரியான வழி இது: பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஸ்பீக்கரில் போட்டு, அதற்கு வாயசைக்கச் சொல்ல வேண்டும். பிறகு 25 ஃபிரேமுக்கு இழுக்கும்போது உதடு பாட்டோடு வந்து உட்காரும். எல்லா அடிக்கும் ஒத்துவராது. "முருகா" என்று நீட்டுகிற இடம் சரி, சொற்கட்டு வேகமாக வருகிற அடியில் நாக்கு சுளுக்கும். அப்புறம், பாட்டுக்கு முன்னால் மூன்று பீப் சேர்த்து வையுங்கள், ஃபோனின் சத்தப் பதிவையும் நிறுத்தாதீர்கள், எடிட்டில் பொருத்த அதுதான் பிடிமானம். கடற்கரையில் காற்று அந்த பீப்பையும் தின்றுவிடும் என்பதால் ஸ்பீக்கரை ஃபோனுக்குப் பக்கத்தில் வையுங்கள்.

கடலுக்கு மேலே சூரியன் வேண்டுமானால் டிசம்பரில் 5 மணிக்கு முன்னாலேயே நிற்க வேண்டும், ஜூனில் ஆறரை மணி வாக்கில் போனால் போதும். நான் ஜூன் கட்சி. பீச்சுக்கு நகராட்சியிடமும் கோயிலுக்குக் கமிட்டியிடமும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். காவடி எடுப்பவரிடம் மட்டும் "இன்னொரு டேக்" கேட்காதீர்கள், கிடைத்ததை எடுத்துக்கொண்டு வாருங்கள்.

சாப்பாட்டைக் காருக்குள் பூட்டி வையுங்கள். எங்கள் வீடியோவில் இரண்டாவது சரணத்தில் பின்னால் ஒரு குரங்கு எங்கள் பன்னி சௌவை (குடைந்த ரொட்டிக்குள் குழம்பு நிரப்பியது) தூக்கிக்கொண்டு ஓடுவது தெரியும். வெட்டச் சொல்லி அண்ணன் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.