மழை, கடல், அணை: குமரி மாவட்டத்தில் எச்சரிக்கைகளைப் பார்ப்பது எப்படி?

செய்தியில் ‘குமரிக்கு மஞ்சள் எச்சரிக்கை’ என்று வந்தால் அது பெரும்பாலும் மழைக்கு மட்டும்தான். கடலின் நிலையை அது சொல்லாது. அணையில் தண்ணீர் திறக்கிறார்களா என்பதையும் சொல்லாது. மூன்றையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

1. மழை

வானிலை ஆய்வு மையத்தின் ‘மௌசம்’ செயலியிலோ தமிழக அரசின் ‘டிஎன் அலர்ட்’ செயலியிலோ மாவட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். நிறத்தைவிட வார்த்தையைக் கவனியுங்கள். 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ. பெய்தால் கனமழை, 12 முதல் 20 வரை மிக கனமழை, அதற்கும் மேல் அதி கனமழை. ‘ஓரிரு இடங்களில்’ என்று போட்டிருந்தால் மாவட்டத்தின் கால்வாசி இடங்களுக்கு மேல் எதிர்பார்க்கவில்லை என்று பொருள். நாகர்கோவிலில் வெயிலடிக்கிறதே என்று முன்னறிவிப்பைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. அந்த மழை பேச்சிப்பாறை மலையில் கொட்டிக்கொண்டிருக்கலாம்.

2. கடல்

அதிகம் கோட்டை விடுவது இங்கேதான். அலை பற்றிய எச்சரிக்கையைத் தருவது ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசிய கடல் தகவல் சேவை மையம். ‘நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை’ என்று வந்தால் நம் கரை முழுவதும் அதில் அடக்கம். அலையின் உயரம், தொடங்கும் நேரம், முடியும் நேரம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

‘கள்ளக்கடல்’ எனப்படும் திடீர்க் கடல் சீற்றத்துக்கு வானத்தைப் பார்த்துப் பயனில்லை. தெற்கு இந்தியப் பெருங்கடலில் எங்கோ அடித்த புயல்காற்று கிளப்பிய அலை, சில நாள் கழித்து இங்கே வந்து மோதும். காற்றே இருக்காது, வெயில் பளிச்சென்று அடிக்கும். 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் 5 பேர் அலையில் சிக்கி இறந்தது இப்படியொரு எச்சரிக்கைக் காலத்தில்தான்.

கரையில் நின்றே ஒரு சோதனை செய்யலாம். ஓர் அலை உடையும்போது கடிகாரத்தைப் பார்த்து, அதற்குப் பின் 10 அலைகள் உடைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று எண்ணுங்கள். உள்ளூர்க் காற்று எழுப்பும் அலைகள் சில விநாடி இடைவெளியில் வரும். 10 அலைக்கு 150 விநாடிக்கு மேல் ஆனால் தொலைவிலிருந்து வரும் நீண்ட அலை. தண்ணீரில் கால் வைக்க வேண்டாம். அலைகள் சிறிதாகத் தெரிந்தாலும் இறங்காதீர்கள், பெரியவை கூட்டமாக வரும். கரையில் நிறுத்திய வள்ளங்களை மேலேற்றுங்கள். துறைமுகத்தில் கட்டியவற்றுக்கு இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் ஒன்றோடொன்று இடித்து உடையும்.

புறப்படும்போது பார்த்த அறிவிப்பு ஆழ்கடல் படகுக்குப் போதாது. 2017 நவம்பர் 29-ல் தாழ்வு மண்டலமான ஒக்கி, மறுநாளே புயலாகிவிட்டது. கைபேசி சிக்னல் கரையோரத்தோடு நின்றுவிடும் என்பதால் செயற்கைக்கோள் வழித் தகவல் கருவி கட்டாயம் வேண்டும்.

3. அணை

பேச்சிப்பாறையின் முழு அளவு 48 அடி, பெருஞ்சாணிக்கு 77. நீர்மட்டம் நாளிதழில் தினமும் வரும். பேச்சிப்பாறையில் உபரிநீர் திறந்தால் திற்பரப்பு வழியாகக் குழித்துறை வரை ஆறு ஏறும். கரையோரத்தில் இருப்பவர்கள் சந்தேகம் வந்தால் மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் எண்ணான 1077-ஐ அழைக்கலாம்.

4. வீட்டு மழைமானி

2 லிட்டர் குளிர்பான பாட்டிலின் மேல்பகுதியை, உடல் நேராகத் தொடங்கும் இடத்தில் வெட்டி, தலைகீழாகப் புனல்போல் செருகுங்கள். அடியில் உள்ள மேடுபள்ளம் அளவைக் கெடுக்கும். அதனால் கூழாங்கல் போட்டு, நேரான பகுதி வரை தண்ணீர் ஊற்றி அங்கே பூஜ்யம் குறியுங்கள். அதற்கு மேல் ஸ்கேலில் ஏறும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் அத்தனை மில்லிமீட்டர் மழை. வாய் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் இருக்கட்டும். தாழ்ந்தால் மண்ணில் பட்டுத் தெறிக்கும் நீரும் சேரும். தென்னை மூட்டில் வைத்தால் ஓலை மழையை மறைக்கும், சில நேரம் சொட்டிக் கூட்டியும் காட்டும்.

காலை 8.30-க்கு அளந்து, தண்ணீரைப் பூஜ்யக் கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். அரசு கணக்கும் அதே நேரம்தான். ஒருநாள் அளக்க மறந்தால் மறுநாள் அளவை இரண்டாகப் பங்கிட வேண்டாம், ‘2 நாள் மொத்தம்’ என்றே எழுதிவிடுங்கள்.