காய்கறியில் பூச்சிமருந்து எச்சம்: நாடாளுமன்றத்தில் கேட்பதற்கான கேள்வியை வரைவது எப்படி?

தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் மனு கொடுப்பதைக் காட்டிலும், அவர் கையொப்பமிட்டு அப்படியே அனுப்பக்கூடிய கேள்வி வரைவு ஒன்றைக் கொடுப்பது கூடுதல் பயன் தரும். மனு எந்தக் கோப்பில் உறங்குகிறது என்பது யாருக்கும் தெரியாது. அனுமதிக்கப்பட்ட கேள்விக்கோ துறை அமைச்சர் குறித்த நாளில் பதில் தந்தாக வேண்டும், அந்தப் பதிலும் அவைப் பதிவேட்டில் நிலைத்துவிடும். விவசாயச் சங்கங்களும் நுகர்வோர் அமைப்புகளும் இதைச் செய்ய வழக்கறிஞரைத் தேட வேண்டியதில்லை. காய்கறியிலும் மசாலாப் பொருட்களிலும் தங்கிவிடும் பூச்சிக்கொல்லி எச்சத்தையே எடுத்துக்காட்டாகக் கொண்டு முறையை விளக்குகிறேன்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது, கேள்வி எந்த அமைச்சகத்துக்கு என்பது. ஒரு கிலோ பச்சை மிளகாய்க்குள்ளேயே பல அமைச்சகங்கள் இருக்கின்றன. எந்தப் பூச்சிக்கொல்லியை எந்தப் பயிருக்குத் தெளிக்கலாம் என்று பதிவு செய்து அனுமதிப்பது, 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிகள் சட்டப்படி, வேளாண் அமைச்சகத்தின் பொறுப்பு. அறுவடைக்குப் பின் அந்த மிளகாயில் எவ்வளவு எச்சம் இருக்கலாம் என்ற வரம்பை வகுப்பது, 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டத்தின்படி அமைந்த ஆணையம். அது சுகாதார அமைச்சகத்தின் கீழ் வருகிறது. அதே மிளகாய் வற்றலாகிக் கப்பல் ஏறினால், நறுமணப் பொருட்கள் வாரியத்தின் வழியாக வணிக அமைச்சகம் பதில் சொல்ல வேண்டும். பள்ளிச் சத்துணவில் விழுந்தால் கல்வி அமைச்சகம், அங்கன்வாடிச் சமையலில் விழுந்தால் மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம். எல்லாவற்றையும் ஒரே கேள்வியில் அடைத்தால், பதில் எழுதும் அதிகாரி தமக்கு வசதியான பகுதியை மட்டும் விரிவாக எழுதிவிட்டு மற்றதைத் தொட்டும் தொடாமலும் விடுவார். ஆகவே கேள்வியைப் பிரித்து, அமைச்சகத்துக்கு ஒன்றாக அனுப்புவதே நல்லது. ஒவ்வோர் அமைச்சகத்துக்கும் வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கப்பட்டிருப்பதால், அந்த நாளையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

“இது மாநிலப் பொருள்” என்ற பதிலுக்கும் முன்கூட்டியே அணை கட்ட வேண்டும். வேளாண்மையும் பொதுச் சுகாதாரமும் அரசமைப்பின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலில் இருப்பது உண்மைதான். ஆனால் உணவுக் கலப்படம், மத்திய அரசும் மாநிலங்களும் சட்டமியற்றக்கூடிய பொதுப் பட்டியலில் 18-ஆவது பதிவாக இருக்கிறது. மேலும், வரம்புகளை வகுப்பதும் பூச்சிக்கொல்லிகளைப் பதிவு செய்வதும் முழுக்க மத்திய அரசின் வேலை. கேள்வியை இந்தப் பணிகளின் மீது ஊன்றினால் கைகழுவ இடமிருக்காது. மாறாக, உள்ளூர்ச் சந்தையில் மாதிரி எடுக்கவில்லை, உணவுப் பாதுகாப்பு அலுவலர் பணியிடம் காலியாகக் கிடக்கிறது என்பது போன்ற குறைகளைச் சட்டமன்ற உறுப்பினர் வழியாகக் கேட்பதே பொருந்தும்.

வரைவில் இறங்கும் முன், முந்தைய பதில்களை நாடாளுமன்ற இணையதளத்தில் தேடிப் படியுங்கள். ஏற்கெனவே பதில் சொல்லப்பட்ட கேள்வியைத் திரும்பக் கேட்டால் நிராகரிக்கப்படும். மக்களவை நடைமுறை விதிகளின்படி கேள்வி பொதுவாக 150 சொற்களைத் தாண்டக்கூடாது, வாதம், ஊகம், கிண்டல், குற்றச்சாட்டு எதுவும் இருக்கக்கூடாது, கருத்து கேட்கக்கூடாது. சாதாரணமாக 15 முழு நாட்களுக்கு முன் அறிவிப்புக் கொடுக்க வேண்டும்.

“மக்கள் உண்ணும் காய்கறியில் விஷம் கலப்பதை அரசு வேடிக்கை பார்ப்பது ஏன்?” என்று எழுதித் தரும் நண்பர்கள் உண்டு. மேடைக்கு நன்றாக இருக்கும். கேள்விகளைச் சரிபார்க்கும் மக்களவைச் செயலகத்தில் ஒரு நிமிடம்கூடத் தாங்காது. அதே கோபத்தை வேளாண் அமைச்சருக்கான கேள்வியாக இப்படி எழுதலாம்:

“(அ) பூச்சிக்கொல்லி எச்சங்களைத் தேசிய அளவில் கண்காணிக்கும் திட்டத்தின் கீழ், கடந்த மூன்று ஆண்டுகளில் தமிழ்நாட்டில் எடுக்கப்பட்ட பச்சை மிளகாய், கறிவேப்பிலை மாதிரிகள் எத்தனை; (ஆ) அவற்றுள் வரம்பை மீறியவையும், அந்தப் பயிருக்குப் பதிவு பெறாத மருந்து காணப்பட்டவையும், ஆண்டுவாரியாகவும் மருந்துவாரியாகவும் எத்தனை; (இ) அம்முடிவுகள் மாநில உணவுப் பாதுகாப்பு ஆணையருக்கு எந்தெந்தத் தேதிகளில் அனுப்பப்பட்டன; (ஈ) அவற்றின் பேரில் எடுக்கப்பட்ட நடவடிக்கைகளின் விவரம் என்ன?”

இதில் உயிர்நாடி (இ) பகுதியே. வேளாண் துறை கண்டறிந்தது சுகாதாரத் துறையின் மேசைக்கு எப்போது போய்ச் சேர்ந்தது என்ற இடைவெளியை வேறு எந்தக் கேள்வியும் வெளிக்கொணராது. “ஆம் எனில் அதன் விவரம் என்ன” என்ற வழக்கமான வாய்பாட்டில் நிறுத்திவிட்டால், சட்டத்தின் நோக்கத்தை விளக்கும் இரண்டு பத்திகள்தான் பதிலாக வரும். எண்ணையும் தேதியையும் கேட்டால் எண்ணும் தேதியும் வரும், அல்லது இல்லை என்ற ஒப்புதலாவது வரும்.

அவையில் அமைச்சர் வாய்மொழியாகப் பதில் சொல்லும் நட்சத்திரக் குறியிட்ட கேள்விதான் கௌரவம் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. மக்களவையில் ஒரு நாளுக்கு அத்தகைய கேள்விகள் 20; கேள்வி நேரம் முடிவதற்குள் பாதியைக்கூட எட்டாத நாட்கள் ஏராளம். புள்ளிவிவரம் வேண்டுமென்றால், நாளொன்றுக்கு 230 வரை இடம்பெறும் நட்சத்திரக் குறியிடப்படாத கேள்வியே போதுமானது. எழுத்துப் பதில் எப்படியும் கிடைக்கும். துணைக் கேள்வியால் அமைச்சரை நேரில் மடக்க வேண்டிய கொள்கை விவகாரத்துக்கு நட்சத்திரம் தேவை. 2024 ஏப்ரலில், இந்தியாவில் பதிவு பெறாத சில பூச்சிக்கொல்லிகளுக்கு மசாலாப் பொருட்களிலும் மூலிகைகளிலும் கிலோவுக்கு 0.01 மில்லிகிராமாக இருந்த பொது வரம்பு 0.1 மில்லிகிராமாக, அதாவது 10 மடங்கு, உயர்த்தப்பட்டது அத்தகைய விவகாரம். அதே மாதத்தில்தான் ஹாங்காங்கில் சில இந்திய மசாலாப் பொடிகள் எத்திலீன் ஆக்சைடு என்ற கிருமிநீக்க வாயுவின் எச்சம் காரணமாக விற்பனையிலிருந்து விலக்கப்பட்டன. எந்த அறிவியல் குழு எந்தத் தரவின் பேரில் பரிந்துரைத்தது என்று முதன்மைக் கேள்வியில் கேட்டு, பதிலைக் கேட்டபின் வினவ வேண்டிய இரண்டு துணைக் கேள்விகளையும் தனித்தாளில் எழுதி உறுப்பினரிடம் கொடுத்துவிட வேண்டும்.

பதில் வந்ததும் இணைப்பு அட்டவணையிலிருந்து படிக்கத் தொடங்குங்கள். சாரம் அங்கேதான் இருக்கும். “தரத்துக்கு ஒவ்வாத மாதிரிகள்” என்று ஒரே எண்ணாகத் தந்திருந்தால், அதில் உயிருக்குக் கேடான உணவும், லேபிளில் பிழையுள்ள உணவும் ஒன்றாகக் கிடக்கும். சட்டமோ பாதுகாப்பற்றது, தரம் குறைந்தது, தவறான குறியீடு கொண்டது என்று பிரித்தே தண்டனை சொல்கிறது. தரம் குறைந்த உணவுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், பாதுகாப்பற்ற உணவுக்குச் சிறைத்தண்டனை வரை போகலாம். ஆகவே மூன்றையும் தனித்தனியாகக் கேட்பது முக்கியம். கண்காணிப்புக்காக எடுத்த மாதிரியும், வழக்குக்காகச் சட்டப்படி எடுத்த மாதிரியும் வேறு வேறு. சந்தேகத்தின் பேரில் எடுத்த மாதிரிகளில் தோல்வி விகிதம் கூடுதலாகத்தான் இருக்கும் என்பதால் இரண்டையும் ஒப்பிடக்கூடாது.

“தகவல் திரட்டப்பட்டு வருகிறது”, “பரிசீலனையில் உள்ளது” என்று பதில் வந்தால் சோர்ந்துவிட வேண்டாம். அப்படிப்பட்ட சொற்கள் அரசின் உறுதிமொழியாகக் கணக்கில் கொள்ளப்பட்டு, மூன்று மாதங்களுக்குள் நிறைவேற்றப்பட வேண்டியவை. அவற்றைப் பின்தொடரவே இரு அவைகளிலும் அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. கேள்வி எண்ணையும் தேதியையும் குறித்துவைத்து, கெடு தாண்டியதும் உறுப்பினர் வழியாக அக்குழுவுக்குக் கடிதம் எழுதச் செய்யுங்கள். அடுத்த கூட்டத்தொடருக்கான வரைவில், முந்தைய பதிலின் எண்ணைச் சுட்டி, அதில் விடுபட்ட ஆண்டையோ மாவட்டத்தையோ மட்டும் கேளுங்கள்.