சாக்ஸ்போ கிண்ணத்தின் அடிமுத்திரை

சாக்ஸ்போ என்ற டென்மார்க் மட்பாண்டப் பட்டறையின் கிண்ணம்; அடியில் இருந்த முத்திரைக் குழியில் அழுக்கு அடைத்திருந்தது. ஊசியால் சுரண்டியது தப்பு. கிளேஸ் (கண்ணாடி போன்ற பூச்சு) போடாத அடிப்பாகத்தில் கீறல் விழுந்து, அதுவே எழுத்து மாதிரி ஏமாற்றியது. வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டு பாத்திர சோப்பு, பழைய டூத் பிரஷ் போதும். காய்ந்ததும் அறையை இருட்டாக்கி, டார்ச்சைப் படுக்கவைத்துப் பக்கவாட்டில் அடித்தேன். ‘சாக்ஸ்போ’, ‘டென்மார்க்’, யின்-யாங் சின்னம் எல்லாம் எழுந்து வந்தன. அருகில் கையால் கீறிய ‘ஈ.எஸ்டி.என்.’ என்பது மட்பாண்டக் கலைஞர் ஏவா ஸ்டேர்-நீல்சனின் கையொப்பம். அவர் அங்கே சேர்ந்தது 1932, பட்டறை மூடியது 1968, காலம் அதற்குள்தான். கூட இருக்கும் எண் வடிவ எண், ஆண்டு என்று நினைத்துவிடாதீர்கள்.

ராயல் கோபன்ஹேகன் என்ற டென்மார்க் பீங்கான் நிறுவனத்துப் பொருள் என்றால் இவ்வளவு பாடில்லை. முத்திரையில் உள்ள நிறுவனப் பெயரின் முதல் எழுத்துக்கு மேல் சிறு கோடு இருந்தால் 1935, கீழே இருந்தால் 1950.